மலையக லேஅவுட்டுக்கு எந்த வண்டி: விளையாட்டுக் காரை மாற்றுவதா, அளவானதை வாங்குவதா?

மாதிரி ரயில் லேஅவுட், அதாவது ரயிலும் அதைச் சுற்றிய ஊரும் சேர்ந்த சின்னக் காட்சி, செய்பவர்கள் என்ஜினுக்கும் தண்டவாளத்துக்கும் மாதக்கணக்கில் உழைப்பார்கள். ஸ்டேஷன் கூரைத் தகரத்தின் நெளிவு கூட அப்படியே வந்திருக்கும். பக்கத்துப் பாதையில் ஓடும் வண்டிகளுக்கு வரும்போதுதான் பொறுமை தீர்ந்துவிடுகிறது. வீட்டில் கிடக்கும் விளையாட்டுக் கார் நாலைந்தைத் தூக்கி வைத்துவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். மலைநாட்டு ரயிலைச் செய்பவர்களுக்கு இது சரிவராது. ஹட்டனிலிருந்து கொட்டகலை, தலவாக்கலை தாண்டி நானுஓயா வரைக்கும் ஏ7 பாதையும் ரயில் பாதையும் ஒன்றை ஒன்று நெருங்கியும் விலகியும்தான் போகின்றன. ரயிலைப் பார்க்கும் கண் அதே பார்வையில் பஸ்ஸையும் தேயிலைக் கொழுந்து லொறியையும் பார்த்துவிடும். பஸ்ஸின் ஜன்னலை விட ரயில் பெட்டியின் ஜன்னல் சிறிதாகத் தெரிந்தால் அத்தனை மாத உழைப்பும் அந்த ஒரு இடத்தில் விளையாட்டுச் சாமானாகிவிடும்.

ஆகவே வண்டிகளை எங்கிருந்து எடுப்பது என்பதை முதலிலேயே யோசித்து வைப்பது நல்லது. டவுண் கடையில் விற்கும் உலோகக் கார்களைப் பிரித்து மாற்றலாம். ரயிலின் அளவுக்கென்றே செய்த மாதிரிகளை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கலாம். நாமே உடல் கட்டலாம். ஓடும் வண்டிகளையே கூடப் போடலாம். என்னுடைய தெரிவு இவற்றின் கலப்பு. ஆனால் எது எதில் எவ்வளவு என்பது, நீங்கள் காட்டப்போகும் காலத்தையும் கையில் எடுத்து அளக்கும் அடிமட்டத்தையும் பொறுத்தது.

முதலில் அளவு

கடையில் வாங்கும் சாதாரண மாதிரி ரயில் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அதன் மேல் ஓடும் ரயில்கள் இரண்டு அளவுகளில் வருகின்றன: பிரித்தானியர்களின் டபுள் ஓ, அதாவது 1:76 (உண்மையின் 76இல் ஒரு பங்கு), மற்ற நாடுகளின் எச்ஓ, அதாவது 1:87. நமது அகல ரயில் பாதை உண்மையில் 1676 மில்லிமீட்டர். அதை 76ஆல் வகுத்தால் 22 மில்லிமீட்டர், 87ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். எதைத் தெரிவு செய்தாலும் 16.5இல் ரயில் பாதை ஒடுக்கமாகத்தான் தெரியும். 1:87இல் அந்தக் குறை சற்றுக் குறைவு. தண்டவாளத்தை மட்டும் வைத்துப் பார்ப்பவர் 1:87 பக்கம் சாய்வது நியாயமே.

வண்டிகள் ஓடும் பாதையையும் சேர்த்துப் பார்த்தால் நான் 1:76 பக்கம் நிற்பேன். நமது பாதைகளில் ஓடியவை பிரித்தானிய வண்டிகள். மொரிஸ் மைனர், லேண்ட் ரோவர், பெட்ஃபோர்ட் லொறி, தோட்டத்து ஃபெர்குசன் டிராக்டர் என்று மலையகத்தின் பழைய படம் எதை எடுத்தாலும் இவைதான் நிற்கும். இவை 1:76இல் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. பிரித்தானியர் போல நாமும் பாதையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஸ்டீயரிங் வலப்பக்கம், பஸ்ஸின் கதவு இடப்பக்கம். 1:87இல் ஹெர்பா, வீக்கிங் போன்ற ஜெர்மன் நிறுவனங்களின் பிளாஸ்டிக் வண்டிகள் கைவேலையில் அபாரமானவை. கண்ணாடி மெல்லியது, சக்கரம் அளவானது. ஆனால் அவற்றின் பஸ்களில் கதவு வலப்பக்கம். காரில் ஸ்டீயரிங்கை மாற்றி ஒட்டிவிடலாம். பஸ்ஸில் கதவைப் பக்கம் மாற்றுவது பாதி பஸ்ஸைப் புதிதாகச் செய்வதற்குச் சமம். நடைபாதைக் கடைகளில் அதிகம் காணப்படும் மஞ்சள் நிற அமெரிக்கப் பள்ளிக்கூட பஸ்ஸுக்கும் இதே கதைதான். சிவப்புப் பெயின்ட் அடித்தால் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் ஆகிவிடும் என்று வாங்கிவிடாதீர்கள். கதவு எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள்.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்குப் போன பழைய சின்ன ரயிலைச் செய்ய நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பாதையின் அகலம் இரண்டடி ஆறங்குலம், 762 மில்லிமீட்டர். 1:76இல் அது 10 மில்லிமீட்டர் வரும். கடையில் கிடைக்கும் 9 மில்லிமீட்டர் தண்டவாளம் அதற்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். 1:76ஐத் தெரிவு செய்தால் பெரிய ரயிலுக்கும் சின்ன ரயிலுக்கும் ஒரே வண்டிகளைப் பாவிக்கலாம்.

டவுண் கடைக் கார்கள்

ஹொட் வீல்ஸ், மேட்ச்பொக்ஸ், மஜோரெட், டொமிகா என்று பெயர் எதுவானாலும் இவற்றைப் பொதுவாக 1:64 என்று சொல்வார்கள். அந்த எண்ணை அப்படியே நம்பக்கூடாது. மேட்ச்பொக்ஸ் 1953இல் தொடங்கியபோதே வண்டியைப் பெட்டிக்குள் அடக்குவதுதான் விதி. 1968இல் வந்த ஹொட் வீல்ஸும் அதே வழிதான். எல்லாம் ஏறத்தாழ மூன்றங்குலம், 75 மில்லிமீட்டருக்குள். சின்னக் காரும் அந்த நீளம், பெரிய பஸ்ஸும் அந்த நீளம். அப்படியானால் ஒவ்வொன்றின் அளவு விகிதமும் வேறு வேறு.

இதைக் குறையாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு இது பெரிய வசதியாகப் படுகிறது. 75 மில்லிமீட்டரை 76ஆல் பெருக்கினால் 5.7 மீட்டர். 87ஆல் பெருக்கினால் ஆறரை மீட்டர். அதாவது உண்மையில் ஐந்தரை முதல் ஆறு மீட்டர் வரை நீளமுள்ள வண்டி எதுவும், அந்தப் பெட்டிக்குள் அடங்கும்போது தானாகவே 1:76க்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆறு முதல் ஏழு மீட்டர் வரை உள்ளது 1:87க்குப் பக்கத்தில் வரும். சின்ன டிப்பர், சாமான் ஏற்றும் நடுத்தர லொறி, தண்ணீர் பவுசர், குப்பை லொறி எல்லாம் இந்த எல்லைக்குள் வருபவை. மலையகத்துக்கு வேண்டியதும் இவைதான்: கொழுந்து லொறி, மரக்கறி லொறி, விறகு லொறி. ஆகவே கடைக்காரரின் தட்டில் கையை விடும்போது பளபளக்கும் கார்களை விட்டுவிட்டு லொறிகளைத் தேடுங்கள்.

கார்களில் நிலைமை நேர்மாறு. நாலரை மீட்டர் கார் 70 மில்லிமீட்டரில் வந்தால் அது 1:64. 1:76 ரயிலுக்குப் பக்கத்தில் அது 19 சதவீதம் பெரிது. 1:87 ரயிலுக்குப் பக்கத்தில் 36 சதவீதம் பெரிது. பின்னையதை எந்தப் பெயின்ட்டாலும் மறைக்க முடியாது. வண்டி உண்மையில் எவ்வளவு சின்னதோ அவ்வளவு மோசம்: மூன்றரை மீட்டர்கூட இல்லாத சுசுகி வண்டியை அறுபது மில்லிமீட்டரில் செய்தால் அது 1:57 ஆகிவிடும். டொமிகாவிலும் மஜோரெட்டிலும் ஒரு வசதி, வண்டியின் அடிப்பாகத்திலேயே பெரும்பாலும் விகிதம் பொறித்திருக்கும். மற்றவற்றுக்கு உண்மை வண்டியின் நீளத்தைத் தேடி எடுத்து மாதிரியின் நீளத்தால் வகுக்க வேண்டும். டொயோட்டா ஹைஏஸ் வேன் சுமார் 4.7 மீட்டர். கையிலிருக்கும் மாதிரி 68 மில்லிமீட்டர் என்றால் 1:69. 1:76க்கு இது பத்து சதவீதம் பெரிது. பத்து சதவீதம் வரை நான் ஏற்றுக்கொள்வேன், அதே வண்டி சரியான அளவில் பக்கத்தில் நிற்காத வரை. வேனுக்கு வேன் கொஞ்சம் கூடக் குறைய இருப்பது கண்ணுக்கு உறுத்தாது. உயரக் கூரை வேனும் தாழ்ந்த கூரை வேனும் உண்மையிலேயே கலந்துதானே ஓடுகின்றன.

நீளம் பொருந்தினாலும் அகலத்தையும் ஒருமுறை பாருங்கள். விளையாட்டு வண்டிகளில் சக்கரத்துக்காக உடலை அகட்டியிருப்பார்கள். பஸ்கள் போகும் மலைப்பாதை ஒன்றை ஆறு மீட்டர் என்று வைத்தால் 1:76இல் 79 மில்லிமீட்டர். அதில் 1:64 பஸ்கள் இரண்டு எதிரெதிரே வந்தால் இரண்டின் அகலமும் சேர்ந்து 75. பாதை முழுவதும் அடைபட்டுப் போகும்; வளைவில் வைத்தால் இன்னும் மோசம்.

பிரித்து மாற்றுவது என்றால் என்ன வேலை

இந்த வழியின் விலை பணத்தில் குறைவு, நேரத்தில் அதிகம். அதனால் வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வண்டியைக் கவிழ்த்தால் அடித்தட்டில் ஒன்றோ இரண்டோ ரிவெட் தலை தெரியும். நடுவில் ஒரு புள்ளி குத்தி, 2 மில்லிமீட்டர் ட்ரில்லால் ஆழமில்லாமல் துளைத்து, பிறகு 4 அல்லது 5 மில்லிமீட்டர் ட்ரில்லால் அந்தத் தலையை மட்டும் சீவ வேண்டும். தண்டு மிஞ்ச வேண்டும். திரும்பப் பூட்டும்போது அந்தத் தண்டுக்குள் சின்ன ஸ்குரூ போடலாம், இல்லாவிட்டால் அரால்டைட் பசை. கண்ணாடி அணியாமல் இந்த வேலையைத் தொடக்கூடாது, உலோகத் துகள் கண்ணுக்குப் பறக்கும்.

உடல், துத்தநாகம் கலந்த உலோகம். பெயின்ட் நீக்க ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் பெயின்ட் ரிமூவர் போதும். கையுறையோடு, வெளியில், காற்றோட்டத்தில். கோஸ்டிக் சோடாவில் ஊறப்போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது துத்தநாகத்தையும் அரிக்கும், ஆகவே நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பெயின்ட் முழுவதையும் நீக்க வேண்டிய தேவையில்லாத வண்டிகளும் உண்டு. பக்கத்தில் அச்சடித்த தீப்பிழம்பையும் இலக்கத்தையும் மட்டும் எடுக்க, அசிட்டோன் உள்ள நெயில் பொலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போதும். ஜன்னல் பிளாஸ்டிக்கைக் கழற்றிய பிறகே அதைச் செய்யுங்கள். அசிட்டோன் பட்டால் பிளாஸ்டிக் வெளுத்துவிடும்.

அதிக வித்தியாசத்தைத் தருவது சக்கரம். ஹொட் வீல்ஸ் சக்கரம் ஓட்டப்பந்தயத்துக்குச் செய்தது, அகலம் கூட, மினுக்கம் கூட. மேட்ச்பொக்ஸ் சக்கரங்கள் கொஞ்சம் அடக்கமானவை. ஒரே விலையில் இரண்டும் இருந்தால் மேட்ச்பொக்ஸை எடுங்கள், 1997இலிருந்து இரண்டும் மாட்டெல் (Mattel) நிறுவனத்தின் பெயர்கள்தான். குரோம் மினுக்கத்தை மங்கல் சாம்பல் பெயின்ட்டால் கொல்ல வேண்டும். டயரை முழுக் கறுப்பாக விடக்கூடாது; பாதையில் ஓடிய டயர் கறுப்பு அல்ல, அழுக்குச் சாம்பல். தரையில் படும் இடத்தை சாண்ட்பேப்பரில் லேசாகத் தேய்த்துத் தட்டையாக்கினால் வண்டிக்கு உடனே பாரம் வந்துவிடும். முன் சக்கரத்தைச் சற்றுத் திருப்பி ஒட்டினால் இன்னும் நல்லது. வளைவில்லாத பாதை மலையகத்தில் ஏது?

ஸ்டீயரிங்கை வலப்பக்கம் மாற்றி, இடுப்பு வரை வெட்டிய ஒரு மனிதரை உட்கார வையுங்கள். 1:75 என்று பை பையாக விற்கும் மலிவு மனித உருவங்கள் இதற்குப் போதும். ஓட்டுநர் இல்லாத பஸ் ரயில் கேட்டில் நிற்பது போல அபத்தமான காட்சி வேறில்லை. பக்கக் கண்ணாடிக்கும் வைப்பருக்கும் மின்சார வயருக்குள் இருக்கும் மெல்லிய செம்புக் கம்பி. இலக்கத்தகடு 1:76இல் ஏழு மில்லிமீட்டர்கூட இல்லை, எழுத்து வாசிக்க முடியாது. முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள் என்ற இரண்டு நிறமும் இருந்தால் போதும். பார்ப்பவருக்கு இது இலங்கை என்று விளங்கிவிடும்.

கொழுந்து லொறிக்குத் தனியாக ஒரு வார்த்தை. விளையாட்டு லொறியின் பின்பெட்டியைக் கழற்றிவிட்டு, கம்பிச் சட்டம் போட்ட திறந்த பெட்டி கட்டி, அதில் சாக்குகளைத் தொங்கவிட வேண்டும். சாக்குக்கு மெல்லிய டிஷ்யூத் தாளைப் பசைத் தண்ணீரில் நனைத்து உருட்டினால் சரியான தொய்வு வரும். பாதையோரத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவம் ஒன்று வைத்து அதன் முன்னால் லொறியை நிறுத்துங்கள். இந்த ஒரு வண்டிக்கு நீங்கள் செலவழிக்கும் நேரம் வேறு எந்த வண்டியிலும் இவ்வளவு பலன் தராது. இதை ஆயத்தமாகச் செய்து விற்பவர் எவருமில்லை. வேறு நாட்டு லேஅவுட்டில் இதைப் பார்க்கவும் முடியாது.

ஈரத்தையும் கணக்கில் எடுங்கள்

வேறு ஊர் வழிகாட்டிகளில் இதைச் சொல்ல மாட்டார்கள். ஹட்டன், நுவரெலியா பக்கத்து ஈரக் காற்றில் ஸ்ப்ரே பெயின்ட், முக்கியமாக வார்னிஷ், பால் போல வெளுத்துப்போகும். மழை மூட்டத்தில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். வெயில் விழுந்த நாளின் நடுப்பகலில் அடியுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர்க் கலப்பு மங்கல் வார்னிஷைத் தூரிகையால் பூசுங்கள். பெயின்ட் நீக்கிய உலோகத்தை நாட்கணக்கில் வெறுமனே வைத்தால் வெள்ளைப் பூச்சுப் படியும். நீக்கிய உடனே கழுவிக் காயவைத்து உலோகத்துக்கான பிரைமர் கொடுத்துவிடுங்கள். அட்டையில் உடல் கட்டுபவர்கள் உள்ளும் புறமும் வார்னிஷ் பூசாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் பஸ் வளைந்துவிடும்.

அழுக்கு பூசுவதிலும் ஊர் தெரிய வேண்டும். மலைப்பாதை வண்டியில் தூசியை விடச் சேறுதான் அதிகம். செம்மண் கலந்த பழுப்பு, கதவின் கீழ்ப்பாதி வரைக்கும், பின்பக்கம் முழுவதும். நிறச் சோக்கைத் தூளாக்கிப் பூசி மேலே மங்கல் வார்னிஷ் அடித்தால் அது நிற்கும். எல்லா வண்டிக்கும் ஒரே சேற்றைப் பூசும்போது ஒரு நல்ல விளைவு உண்டு: விளையாட்டுக் கடையில் வாங்கியதும் வெளிநாட்டிலிருந்து வந்ததும் நீங்களே கட்டியதும் ஒரே பாதையில் ஓடியவை போல ஆகிவிடும். அளவில் இருக்கும் சின்னச் சின்ன முரண்களைக்கூட இந்தச் சேறு பெருமளவு மறைக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வாங்கினால்

ஒக்ஸ்ஃபோர்ட் டைகாஸ்ட் நிறுவனத்தின் 1:76 கார்கள் இந்த வேலைக்கென்றே பிறந்தவை. மொரிஸ் மைனர் 1:76இல் ஐம்பது மில்லிமீட்டர்கூட வராது. அதே காரை டவுண் கடை அளவில் பார்த்தவர்களுக்கு அது இவ்வளவு சின்னதா என்று இருக்கும். ரயில் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அப்போது சரியாக அமர்ந்துவிடும். லேண்ட் ரோவரும் அப்படித்தான். ஈஎஃப்ஈ, கோர்கி ஆகிய நிறுவனங்களின் பழைய பிரித்தானிய பஸ்களும் 1:76தான், கதவும் இடப்பக்கம். 1958 ஜனவரியில் பஸ் சேவைகளை அரசு எடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபை வந்த பிறகு லண்டனின் பழைய இரட்டைத் தட்டு பஸ்கள் இங்கே ஏராளமாக வந்தன. அவற்றின் 1:76 மாதிரிகளும் கிடைக்கின்றன. ஆனால் உங்கள் லேஅவுட் தலவாக்கலை என்றால் ஆசைப்பட்டு அதை வாங்காதீர்கள், அது கொழும்புக் காட்சி.

இந்த வழியின் குறை விலை மட்டுமல்ல. தபால் செலவும் சுங்கமும் சேர்ந்தால் ஒரு சின்னக் காருக்கு டவுண் கடையில் பல கார்கள் வாங்கலாம் என்பது உண்மை. அதைவிடப் பெரிய குறை, இன்றைய மலையகத்தை இந்தப் பட்டியலில் காண முடியாது. பஜாஜ் த்ரீவீலர் இல்லை, அசோக் லேலண்டின் வைக்கிங் பஸ் இல்லை, டிமோ பட்டா எனும் சின்ன டாட்டா லொறி இல்லை. 1960களைச் செய்பவருக்கு இது பொக்கிஷம். 2020களைச் செய்பவருக்குத் தோட்டத்துரையின் பழைய லேண்ட் ரோவர் ஒன்றும், யாரோ ஆசையோடு வைத்திருக்கும் மொரிஸ் மைனர் ஒன்றும் போதும். ஆகவே வண்டி வாங்க முன் காலத்தைத் தீர்மானியுங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன்.

இடையில் இன்னொரு வகை, 1:72. கரராமா என்ற பெயரில் வந்த சின்ன உலோகக் கார்களும், இராணுவ வண்டிகளின் பிளாஸ்டிக் கிட்டுகளும் இந்த அளவில் உண்டு. 1:76ஐ விட ஆறு சதவீதம்கூடப் பெரிதில்லை. மலிவாகக் கண்டால் யோசிக்காமல் எடுக்கலாம்.

நாமே கட்ட வேண்டியவை

இன்றைய மலையகப் பாதைக்கு இரண்டு வண்டிகள் கட்டாயம்: த்ரீவீலரும் பஸ்ஸும். இரண்டையும் மாற்றி எடுக்கக்கூடிய விளையாட்டு வண்டி கிடைப்பது அரிது. சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் த்ரீவீலர் உள்ளங்கையை நிறைத்துவிடும். 1:76 த்ரீவீலர் 34 மில்லிமீட்டர் நீளம், 17 மில்லிமீட்டர் அகலம், சக்கரம் சுமார் ஐந்தரை மில்லிமீட்டர். இந்தச் சின்ன அளவில் கையால் ஒன்று செய்வது இன்பம், எட்டுச் செய்வது தண்டனை. ஸ்டேஷன் வாசலில் வரிசையாக நிற்கக் குறைந்தது எட்டு வேண்டும். இதற்கு மட்டும் த்ரீடி பிரிண்ட் செய்யும் ஒருவரிடம் கொடுத்து, ரெசினில் ஒரே அச்சை வேண்டிய அளவு எடுப்பதுதான் புத்தி. நிறத்தை மாற்றினால் போதும். ஒன்றின் பின்னால் கண்ணாடிப் பெட்டி வைத்துப் பாணும் பணிஸும் அடுக்குங்கள். பாண் விற்று வரும் த்ரீவீலரின் இசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

பஸ்ஸைக் கையால் கட்டலாம், அது உண்மையில் ஒரு பெட்டிதானே. பத்தரை மீட்டர் பஸ் 1:76இல் 138 மில்லிமீட்டர் நீளம், 32 அகலம், 40 உயரம், சக்கரம் 14. பிளாஸ்டிக் தாள் கிடைக்காவிட்டால் யோகட் கப்பின் பக்கங்கள் உதவும். அவை பெரும்பாலும் பொலிஸ்டைரின், பிளாஸ்டிக் பசையில் நன்றாக ஒட்டும். முன்முகம்தான் கடினம். இந்தியப் பிளாஸ்டிக் விளையாட்டு பஸ்களில் லேலண்ட் சாயல் உள்ளவை வருகின்றன, செண்டி என்ற பெயரில் வருபவை போல. அளந்து பாருங்கள், பெரும்பாலும் நமக்குப் பெரிதாகத்தான் இருக்கும், ஆனால் முகத்தின் அமைப்பைப் பார்த்துச் செய்ய அது நல்ல மாதிரி. சக்கரத்துக்கு உடைந்த விளையாட்டு லொறி ஒன்று போதும். தனியார் பஸ் செய்தால் நெற்றிக் கண்ணாடிக்கு மேலே சாமி படத்தை மறக்காதீர்கள். பாதி செய்து வெறுத்துப்போகும் ஆளாக இருந்தால் பஸ்ஸையும் பிரிண்ட் எடுத்துவிடுங்கள்; முதலில் பணம் கொடுக்க வேண்டிய இடம் எது என்று கேட்டால் இந்த இரண்டையும்தான் சொல்வேன், மொரிஸ் மைனர் அதற்குப் பிறகு.

ஓடும் வண்டி வேண்டுமா?

ஃபாலர் நிறுவனத்தின் கார் சிஸ்டம் 1989இலிருந்து வருகிறது. பாதைக்குள் இரும்புக் கம்பி, வண்டியின் முன்பக்கத்தில் காந்தம், உள்ளே பற்றரி. சமதரையில் அழகாக ஓடும். மலைப்பாதையின் ஏற்றமும் கொண்டை ஊசி வளைவும் அதற்கு ஒத்துவராது, வண்டிகளும் 1:87, அதுவும் ஐரோப்பியக் கோலம். விலையும் மிக அதிகம்.

அதைவிட, வண்டி நிற்பதற்கு மலையகத்தில் இயல்பான காரணங்கள் நிறைய உண்டு. ரயில் வரும்போது கேட் போட்டிருக்கும். அந்த நேரத்தில் பஸ், வேன், மோட்டார் சைக்கிள் எல்லாம் நின்றுதான் ஆக வேண்டும். ரயில் ஓட, வண்டிகள் நிற்க, காட்சி முழுவதும் உண்மையாகிவிடும். த்ரீவீலர் தரிப்பிடம், கராஜ், மடுவம், பஸ் தரிப்பு எல்லாமே வண்டி நிற்கும் இடங்கள்தான். வளைவின் நடுவில் தனியாக ஒரு காரை வைத்தால்தான் அது ஏன் ஓடவில்லை என்ற கேள்வி வரும். மீதிப் பணத்தில் பஸ்ஸின் முன்விளக்குக்குச் சின்ன எல்ஈடி இரண்டு போடுங்கள். மூடுபனியில் பகலிலும் விளக்கோடு வரும் பஸ் நமக்குப் பழகிய காட்சி.

சரி, அடிமட்டத்தில் தேறாத வண்டிகளை என்ன செய்வது? எறிய வேண்டாம், சரிவு இருக்கிறதே. மூன்றங்குலப் பெட்டிக்குள் அடங்கிய பெரிய பஸ் கிட்டத்தட்ட 1:140. அதை லேஅவுட்டின் பின்பக்கத்தில், தேயிலை மலையின் உச்சியில் போகும் பாதையில் வைத்தால் தூரத்து பஸ்ஸாகத் தெரியும். 1:64 கார்களை முன் விளிம்பில், ரயிலுக்கு எட்டத்தில், பார்ப்பவரின் மூக்குக்குக் கீழே வையுங்கள். ரயிலை ஒட்டிய நடுப்பகுதியில் மட்டும் 1:76 தவிர வேறெதற்கும் இடம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, வைக்கும் முறை. ஏற்றத்தில் சக்கரம் சுழலும் வண்டி ரயில் அதிர்வில் மெல்ல மெல்ல இறங்கிவரும். அச்சில் ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டுச் சக்கரத்தை இறுக்கி, அடித்தட்டில் பித்தளைக் கம்பித் துண்டு ஒன்றை அரால்டைட்டால் ஒட்டி, பாதையில் ஊசித் துளை போட்டுச் செருகிவிடுங்கள். பாதையோடு சேர்த்து ஒட்டிவிடாதீர்கள். கேட் வரிசையில் யார் முதலில் நிற்பது என்பதை அடிக்கடி மாற்றத் தோன்றும், இன்று பாண் த்ரீவீலர், நாளைக்குக் கொழுந்து லொறி என்று.